சம்பந்தி வீட்டுப் பயணமும் நாங்கள் சொன்ன ஒரு பொய்யும்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது நாலஞ்சு பேர் சுற்றி நின்று கேட்டீங்க. "சுவிஸ் போயிட்டு வந்தீங்களே, ஒரு படம்கூட போடலையே, எங்கெங்க போனீங்க, என்னென்ன பார்த்தீங்க?" வரிசை வாசல் வரைக்கும் நின்றதால், அப்புறம் எழுதுகிறோம் என்று சொல்லி சுண்டலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். எழுத உட்கார்ந்து மூன்று இரவு ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்பதும் இதிலேயே வரும். பதிவு நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

எங்கள் மகளுக்கு 2022-ல் இங்கே கிள்ளானில் கல்யாணம் நடந்தது உங்களில் நிறைய பேருக்குத் தெரியும். பந்தியில் பரிமாறியதே நம்ம கோயில் தொண்டர்கள்தான். மாப்பிள்ளை சூரிச்சில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அம்மா யாழ்ப்பாணத்துக்காரர்கள், போர்க்காலத்தில் அகதியாகப் போனவர்கள். போன செப்டம்பரில் மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு நாங்களும் எங்க வீட்டம்மாவும் மகளைப் பார்க்கப் போனோம். வாழ்க்கையில் முதல் தடவையாக இவ்வளவு தூரம். அதற்கு முன்னால் தாண்டிய எல்லை என்றால் ஒரு தடவை பழனி, மதுரை, அப்புறம் சிங்கப்பூர், அவ்வளவுதான். பெட்டியில் பாதி இடத்தை பாபாஸ் கறித்தூள் பிடித்துக்கொண்டது.

அந்த ஊரில் ஒரு ஃபிராங் என்பது நம்ம காசுக்கு ஏறக்குறைய ஐந்து வெள்ளி. ஒரு காப்பி ஐந்து ஃபிராங். முதல் நாள் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எங்க வீட்டம்மா காப்பியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் எங்கே போனாலும் காலையில் போய் ராத்திரிக்குள் திரும்புவதுதான் வழக்கம். ஹோட்டலில் தங்குவது கிடையாது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவதால் பெரும்பாலும் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது சம்பந்தியும் சம்பந்தி அம்மாவும்தான். சம்பந்தி அம்மா விடிகாலையில் எழுந்து இடியப்பமும் சம்பலும் கட்டிவிடுவார். ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி. ரயிலில் ஏறினதும் பசியாறுவோம்.

முதலில் போனது ராப்பர்ஸ்வில். சூரிச் ஏரியின் கிழக்கு மூலையில் இருக்கும் சின்ன ஊர். ரயிலில் ஏறக்குறைய நாற்பது நிமிஷம். ரயிலைவிட்டு இறங்கினால் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பாறை மேல் கோட்டை. எண்ணூறு வருடத்துப் பழசு. மூன்று கோபுரம். நம்ம ஊர் கோட்டைமலை போல மூச்சு வாங்க ஏறவேண்டியதில்லை, பத்து நிமிஷத்தில் மேலே போய்விடலாம். மேலே மரத்தடியில் வேலி போட்டு மான் வளர்க்கிறார்கள். கீழே பார்த்தால் ரோஜாத் தோட்டம். அந்த ஊர்க் கொடியிலேயே ரோஜாதான். எங்க வீட்டம்மா ஒவ்வொரு செடியாகக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பூ இருக்கு, ஒண்ணுகூட சாமிக்குப் போகாது" என்று வருத்தப்பட்டார்.

அங்கிருந்து ஏரியைக் கடக்க ஒரு மரப்பாலம் இருக்கிறது. நீளம் 841 மீட்டர். இப்போது இருப்பது 2001-ல் கட்டியது, ஆனால் அதே இடத்தில் 1360 வாக்கிலேயே ஒரு மரப்பாலம் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் யாத்திரை போகிறவர்கள் அதில் நடந்துதான் அக்கரைக்குப் போய், மலையேறி, ஐன்சீடெல்ன் என்ற ஊரில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போவார்களாம். பாலத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் ஒரு சின்னக் கற்கோயில் நிற்கிறது, 1551-ல் கட்டியது. போகிறவர்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நாம பத்துமலைக்கு நடந்து போகும்போது வழியில் நின்று தேங்காய் உடைக்கிறோமே, அதே மாதிரிதான்.

பாலத்துக்குப் போகும் முன்னால் ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கரை முழுக்க ஹோட்டல்கள், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், அன்னப்பறவைகள். எங்க வீட்டம்மா வளைத்து வளைத்துப் படம் எடுத்தார். அப்போது சம்பந்தி ஒரு கட்டடத்தின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் சந்து. அதற்கு மேலே ஒரு சின்ன யன்னல்.

"இதிலைதான் சம்பந்தி நான் முதல் வேலை செய்தது. குசினியிலை கோப்பை கழுவினது. ஆறு வருசம். ஏரியை அந்த யன்னலாலைதான் பாத்தனான். இந்தக் கோட்டைக்கு முதல் தரம் ஏறினது மகனுக்குப் பத்து வயசு வரேக்கைதான்."

சும்மா ஒரு தகவல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இடியப்பத்தைப் பிய்த்தார். எங்களுக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. எங்க வீட்டம்மா கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டார். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம்.

கல்யாணத்தின்போது உங்களில் பலர் "சம்பந்தி அங்கே என்ன வேலை?" என்று கேட்டீங்க. "ஹோட்டல் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர்" என்று நாங்கள் சொன்னோம். அது பொய். நிச்சயம் பேச வந்த அன்றைக்கே அவர் எங்களிடம் உள்ளதைச் சொன்னார். கோப்பை கழுவினேன், அப்புறம் காய்கறி வெட்டினேன், அப்புறம் சமையல் உதவியாள், 31 வருடம், அவ்வளவுதான் என்றார். உண்மையைச் சொன்னவர் அவர். அதை மாற்றி ஊருக்குச் சொன்னது நாங்கள்.

ஏன் சொன்னோம் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் இருந்தது. எங்கள் அப்பா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் கிராணிமார் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசிலும் அவர்கள்தான். ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில் அவர்கள் கட்டிய கோயில்தான். வெள்ளைக்காரன் அவர்களை நாற்காலியிலும் நம்ம ஆட்களை மரத்தடியிலும் வைத்தான். அப்பா பால் வாளியைத் தூக்கிக்கொண்டு தராசு முன்னால் நிற்பார், கிராணி தலையைத் தூக்கிப் பார்க்காமலே எழுதுவார். வீட்டில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் எங்கள் வீட்டுப் படியேறி வந்து பெண் கேட்டபோது எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அப்பா இருந்திருந்தால் பார்த்திருப்பாரே என்று. அப்படி வந்தவர் நான் கோப்பை கழுவினேன் என்று சொன்னதும் அந்தப் பெருமை சப்பென்று போய்விட்டது. பேசாமல் அதை நாங்களே தூக்கி நிறுத்திவிட்டோம். மேடையில் அவர் பக்கத்தில் நிற்கும்போதே ஒருத்தரிடம் "மேனேஜர்" என்று சொன்னோம். அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டோம்.

சரி, பயணத்துக்குத் திரும்புவோம்.

அன்றைக்கே மரப்பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போய், ரயில் மாறி ஐன்சீடெல்ன் போனோம். சம்பந்தி அம்மாதான் வற்புறுத்தினார். "தங்கச்சி, நீ கட்டாயம் பாக்கவேணும்" என்று எங்க வீட்டம்மா கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய மடம் அது. 934-ல் தொடங்கியது, துறவிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கோயில் முன்னால் ஒரு கிணறு மாதிரி, பதினான்கு குழாயில் தண்ணீர் வருகிறது. வருகிறவர்கள் பதினான்கிலும் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கறுப்புக் கல்லில் ஒரு சின்னச் சன்னதி. அதில் மாதா. முகம் கறுப்பு, கை கறுப்பு, கையில் ஏந்திய பிள்ளையும் கறுப்பு. பட்டும் சரிகையுமாக உடுத்தி நிற்கிறாள். பண்டிகைக்குப் பண்டிகை உடுப்பு மாற்றுவார்களாம். நம்ம கோயிலில் அலங்காரம் செய்கிறவர்கள் பார்த்தால் உடனே கிட்டே போய் மடிப்பைச் சரிபார்ப்பார்கள்.

கறுப்பு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. நூற்றுக்கணக்கான வருடம் மெழுகுவர்த்திப் புகை பட்டுப் பட்டு முகம் கறுத்துப் போயிருந்தது. 1798-ல் பிரெஞ்சுப் படை வந்தபோது சிலையை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்திரியா பக்கம் ஒளித்து வைத்தார்கள். அங்கே ஒரு ஓவியர் புகையையெல்லாம் சுத்தம் செய்தார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் கும்பிட்டுப் பழகிய சனங்களுக்கு அந்த வெளுத்த முகம் எங்கள் அம்மா இல்லை. கடைசியில் அவரே திரும்பக் கறுப்பு அடித்துக் கொடுத்தார்.

1980-களில் சம்பந்தி வீட்டார் அங்கே போன புதிதில் அவர்கள் இருந்த பக்கம் ஒரு கோயில் கிடையாது. மொழி தெரியாது, ஊரில் சண்டை, கடிதம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. யாரோ சொல்லி இந்தக் கறுப்பு முகத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். "அம்மாளாச்சி மாதிரியே இருந்தா. நான் அதிலை விழுந்து அழுதனான். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை" என்றார் சம்பந்தி அம்மா. இப்போதும் சைவக்காரர்கள், வேதக்காரர்கள் என்று பார்க்காமல் நம்ம தமிழ்ச் சனங்கள் அங்கே போகிறார்கள். அன்றைக்கும் இரண்டு குடும்பம் பார்த்தோம், ஒரு அம்மா சேலையும் குங்குமமுமாக. சாயங்காலம் துறவிகள் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்று பாடினார்கள். நாங்கள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். சைவக் கோயில் தொண்டன் மாதா முன்னால் விளக்கேற்றலாமா என்று யாராவது கேட்டால், கேளுங்கள், நேரில் பதில் சொல்கிறோம்.

அடுத்த வாரம் பெர்ன், தூன். தூன் நகரமும் ஏரிக்கரைதான். ஏரியிலிருந்து ஆற்றுத் தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி ஊருக்குள் ஓடுகிறது. மேட்டில் 1190 வாக்கில் கட்டிய கோட்டை, நாலு மூலையிலும் ஊசிக் கோபுரம். உள்ளே கவசம், வாள், பழைய பூட்டு. அன்றைக்கு மழை, கால் நனைந்து குளிர், எங்களுக்குப் பெரிய ஞாபகம் இல்லை. ஆனால் பெர்னில் பார்த்ததைச் சொல்லியாகவேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே "சமயங்களின் இல்லம்" என்று 2014 டிசம்பரில் திறந்த ஒரு கட்டடம். ஒரே கூரைக்குக் கீழே பள்ளிவாசல், பௌத்த விகாரை, தேவாலயம், அதோடு நம்ம சைவக் கோயில். சைவநெறிக்கூடம் என்று பெயர். தமிழில் வழிபாடு. பெண்களும் பூஜை செய்கிறார்கள். இதைக் கேட்டதும் எங்க வீட்டம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். நம்ம நிர்வாகத்தில் இருப்பவர்கள் கவனிக்கவும்.

மூன்றாவது, ஷியோன் கோட்டை. இதற்கு மட்டும் மகளும் மாப்பிள்ளையும் லீவு எடுத்துக்கொண்டு வந்தார்கள், ஆறு பேராகப் போனோம். சூரிச்சிலிருந்து ரயிலில் ஏறி, லோசானில் மாறி, மோன்த்ரோ போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல். லோசான் தாண்டினால் ரயில் ஏரியை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் கடல் மாதிரி ஜெனீவா ஏரி, மறு பக்கம் மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு போலக் கல் அடுக்கித் திராட்சைத் தோட்டம். யாரோ ஒருத்தன் முதுகில் சுமந்துதான் அந்தக் கல் அவ்வளவு உயரம் போயிருக்கும் என்று சம்பந்தி சொன்னார். மோன்த்ரோ கரையில் ஒரு பாட்டுக்காரருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், பிரெடி மெர்குரி. வெள்ளைக்காரர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பார்சிக்காரராம், இந்தியாவில் பள்ளிக்கூடம் படித்தவராம். இதை மாப்பிள்ளை சொன்ன பிறகு எங்க வீட்டம்மா சிலை பக்கத்தில் நின்று உறவுக்காரர் மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

கோட்டை கரையை ஒட்டி ஒரு பாறை மேல் நிற்கிறது, மூன்று பக்கமும் ஏரி, ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். சவோய் பிரபுக்கள் வைத்திருந்த இடம். அந்த வழியாகப் போகிற வண்டிகளுக்கெல்லாம் வரி வாங்கியே வாழ்ந்தவர்கள். அழகு என்றால் அப்படி அழகு. நாள்காட்டியில் பார்ப்பது போல. மேல் மாடியில் பிரபுக்கள் படுக்கை, பெரிய அடுப்பு, சுவரில் சித்திரம். கக்கூஸ்கூட இருக்கிறது. மரப் பலகையில் வட்டமாக ஓட்டை, நேராக ஏரிக்குப் போகிறது. மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் சுற்றிப் பார்ப்பது கீழ்த்தளத்தில்தான் தொடங்குகிறது. படியில் இறங்கினால் நீளமான ஒரு குகை. பாறையும் கட்டடமும் ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் வரிசையாகத் தூண்கள், மேலே வளைவு. பார்க்கக் கோயில் மண்டபம் மாதிரிதான் இருக்கிறது. அதுதான் சிறை. போனிவார் என்ற ஒருவரை 1530-லிருந்து ஆறு வருடம் அங்கே வைத்திருந்தார்கள், அதில் நாலு வருடம் தூணில் சங்கிலி போட்டுக் கட்டியே. 1536-ல் பெர்ன் படை வந்து கோட்டையைப் பிடித்தபோதுதான் விடுதலை. 1816-ல் பைரன் என்ற ஆங்கிலக் கவிஞர் இதைப் பார்த்துவிட்டு ஒரு நீண்ட கவிதை எழுதி, அதனால்தான் உலகமே இதைப் பார்க்க வருகிறது. தூணில் அவர் பெயர் செதுக்கியிருப்பதைக் கண்ணாடி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் படியில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் சம்பந்தியைக் காணோம். மேலே முற்றத்தில் நிற்கிறார். வாங்க என்று கையசைத்தோம்.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

கால்வலி என்று நினைத்து எங்க வீட்டம்மா கூப்பிடப் போனார். மாப்பிள்ளை மெதுவாகத் தடுத்தார். "அப்பா கீழ வரமாட்டார் மாமி. நாங்கள் இஞ்சை மூண்டு தரம் வந்திருக்கிறம். ஒவ்வொரு தரமும் மேலைதான் நிப்பார்."

கீழே நின்றபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சுவருக்கு வெளியே ஏரி. சின்னச் சின்ன அலை பாறையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. சுவரில் உயரத்தில் ஒரு பிளவு, அதன் வழியாக வரும் வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கூரையில் ஆடுகிறது. ஆட்கள் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒன்று எடுத்தோம், அப்புறம் அழித்துவிட்டோம்.

மேலே வந்தபோது அவர் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஆறு பேருக்கும் சமமாகச் சுளை பிரித்துக் கொடுத்தார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். 1984, அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. சைக்கிளில் கடைக்குப் போனவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினோரு மாதம் வைத்திருந்தார்கள். ஒரு குற்றமும் சொல்லவில்லை, ஒரு நாள் திறந்துவிட்டார்கள். கடலுக்குப் பக்கத்துக் கட்டடமாம்.

"அடிச்சதுகூட மறந்து போச்சு சம்பந்தி. இரவிலை அந்தத் தண்ணிச் சத்தம்தான். அதுதான் கீழை இறங்கேலாமல் கிடக்கு. மற்றும்படி வடிவான கோட்டைதானே, நீங்கள் பாக்கத்தானே வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். மாப்பிள்ளைக்கே அந்த பதினோரு மாதக் கணக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம். பிள்ளைகளிடம் பேசியதில்லை.

ரயிலில் திரும்பும்போது நாங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம். அந்த பதினோரு மாதத்திலிருந்து வெளியே வந்த மனுஷன், எப்படியோ நாடு கடந்து போய், கிடைத்த முதல் கதவில் நுழைந்து கோப்பை கழுவியிருக்கிறார். அதில் மகனைப் படிக்க வைத்திருக்கிறார், இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்திருக்கிறார். அதைத்தான் நாங்கள் கிள்ளானில் மேனேஜர் என்று மாற்றிச் சொன்னோம்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனோம். வெளியிலிருந்து பார்த்தால் தொழிற்சாலைக் கட்டடம் மாதிரி, நம்ம மேரு பக்கம் இருக்கிற பேக்டரி லோட் போலவே. கதவைத் திறந்தால் விபூதி வாசம், நாதஸ்வரம், சின்னப் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் சண்டை போட்டுக்கொண்டு சுவாமி சுற்றுகிறார்கள். பூஜை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது சம்பந்தியைத் தேடினோம். சமையல்கட்டில் முழுக்கையை மடித்துவிட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். முடிகிற வெள்ளிக்கிழமையெல்லாம் அதுதான் அவர் தொண்டாம். ஒருவரும் கேட்டுக் கொடுத்ததில்லை, அவராக எடுத்துக்கொண்டது. அவர் தேய்க்கிற விதத்தைப் பார்க்கவேண்டும். முதலில் சுடுதண்ணீர் ஊற்றி ஊறவிடுகிறார், விளிம்பிலிருந்து அடிக்கு வருகிறார், ஒரு சொட்டு வீணாக்குவதில்லை. முப்பது வருடமாக ஆட்களை வேலை வாங்கிய கண்ணால் சொல்கிறோம், அப்படி ஒரு சுத்தம் எங்கள் லைனில் பார்த்ததில்லை.

நாங்கள் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தோம். மூன்று அண்டா முடிந்தது. நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னோம். கல்யாணத்தில் உங்களை மேனேஜர் என்று சொல்லிவிட்டோம், மன்னிக்கவேண்டும் என்று. குரல் சரியாக வரவில்லை.

அவர் கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும் சம்பந்தி. மேடையிலை நிக்கேக்கையே கேட்டது." கொஞ்சம் சிரித்தார். "உங்கட சனத்துக்கு முன்னாலை நீங்கள் நிமிர்ந்து நிக்கவேணும்தானே எண்டு விட்டிட்டன். இந்தாங்கோ, இந்த மூடியையும் துடையுங்கோ."

சம்பந்தி அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. மகளுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடமாக யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவரிடம் சொல்லிவிட்டோம். ஆனால் பொய்யைக் கேட்டது அவர் இல்லை, நீங்கள். அதனால்தான் படம் போடாமல் இதை எழுதுகிறோம். எழுதட்டுமா என்று போனில் அவரிடம் கேட்டோம். "எழுதுங்கோ, பேர் மட்டும் போடாதேங்கோ" என்றார்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், நைட் ஷிப்டில் எங்கள் லைனில் இருக்கும் ஒரு பங்களாதேஷ் பையனிடம் ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டோம். நாலு வருடமாக எங்களுக்குக் கீழே வேலை செய்கிறான், இதுவரை கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராம்.

சம்பந்தியும் சம்பந்தி அம்மாவும் தைப்பூசத்துக்கு இங்கே வருகிறார்கள். மூன்று வாரம் இருப்பார்கள். நம்ம ஊரிலும் ஒரு கோட்டை காட்டவேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டதால், ஒரு நாள் பத்து காஜா கெல்லிஸ் காசலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம். விடிகாலையில் கிளம்பினால் தைப்பிங் ஏரித் தோட்டத்தையும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வந்துவிடலாம். கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் ஆரம்பித்து முடிக்காமலே 1926-ல் செத்துப்போன மாளிகை அது. கட்டியது சென்னையிலிருந்து வந்த நம்ம ஆட்கள். விஷக்காய்ச்சலில் நிறைய பேர் செத்தபோது, எங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். அந்தக் கோயில் இன்றைக்கும் பக்கத்தில் இருக்கிறது. கூரையில் சாமிகளோடு சாமியாகத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரரும் நிற்கிறார், அது கெல்லி ஸ்மித் என்கிறார்கள். கட்டினவர்களுக்குச் சிலை இல்லை. மாளிகையில் சுரங்கப்பாதை இருக்கிறது என்று சொல்வார்கள், அந்தப் பக்கம் நாங்கள் போகப்போவதில்லை. மாடிக்கு ஏறினால் நல்ல காற்று.

வருகிறவர் நம்ம கோயிலுக்கும் வருவார். யாரும் "மேனேஜர் சார்" என்று கூப்பிடவேண்டாம், ஐயா என்று கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் அண்டாவை அவருக்கு விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வேண்டாம், நீங்கள் விருந்தாளி என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. அவர் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்கட கோயில் குசினியிலை சுடுதண்ணி வருமோ?"

வராது. பச்சைத் தண்ணீர்க் குழாய் மட்டும்தான் இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு போக நாமே அடுப்பில் காய்ச்சி ஊற்றுகிறோம். தைப்பூசத்துக்குள் ஒரு வாட்டர் ஹீட்டர் போடலாம் என்று நிர்வாகத்தில் கேட்டோம், சரி என்றார்கள். ஹீட்டர் நாங்கள் வாங்கித் தருகிறோம். வயரிங் தெரிந்த அன்பர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மாட்டிக்கொடுத்தால் போதும். பசியாற தோசை உண்டு.